வீட்டுக் கடல்மீன் தொட்டியும் சீதோஷ்ண மாறுதலும்

சென்னை நகரின் மத்திய பாகத்திலும் தென்பாகத்திலும், முக்கியமாக மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில், கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, பவளப்பாறைகளிடையே வாழும் கடல்மீன்களையும் ஏனைய சிறு ஜீவராசிகளையும் வீட்டுக்குள் வளர்ப்போர் உண்டு. இது நகரவாசிகளின் பொழுதுபோக்காயிற்றே, நிலமுடையவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். மூன்று காரணங்களால் இவ்விஷயம் இப்பத்திரிகையில் இடம் பெறத் தக்கது. முதலாவது, கிராமத்தில் நிலமுள்ள குடும்பங்கள் பல, பிள்ளைகளின் படிப்பையும் உத்தியோகத்தையும் முன்னிட்டுச் சென்னையில் ஒரு வீடு வைத்திருக்கின்றன. அவ்வீடுகளில் இத்தகைய தொட்டிகள் வந்து சேருகின்றன. இரண்டாவது, கண்ணாடித் தொட்டியை ஆளும் விதிகளே வயலோரப் பண்ணைக்குட்டையையும் ஆளுகின்றன. தொட்டியில் இவ்விதிகளைக் கண்ணெதிரே காணலாம். மூன்றாவது, பவளம் எங்கிருந்து வருகிறது, அதை எடுப்பது எத்தகைய குற்றம் என்பதைக் கடலோரக் கிராம அதிகாரிகள் அறிந்திருத்தல் அவசியம்.

சென்னைக்குக் கடல்மீன் தொட்டி புதிதன்று. மெரீனா கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மூடப்படும் வரையில் ஜனங்களால் விரும்பிப் பார்க்கப்பட்டு வந்தது. அக்காலத்தில் அரசாங்கம் நடத்திய காரியத்தை இக்காலத்தில் தனிக் குடும்பம் ஒன்று கூடத்தின் மூலையில் நடத்த முற்படுகிறது. யந்திரங்கள் வந்துவிட்டமையால் இது இயலுவதாயிற்று. ஆயினும் யந்திரம் நின்றுபோனால் மீன் படும் பாடு அன்றும் இன்றும் ஒன்றே.

சிறு நீர், விரைந்த மாறுதல்

கடலுக்கும் தொட்டிக்கும் உள்ள முதல் வித்தியாசம் நீரின் அளவு. கடல் நீர் பகலில் சூடேறுவதும் இரவில் ஆறுவதும் மிகச் சிறிய அளவிலேயே நிகழும். பவளத்திட்டுகளில் வாழும் மீன்களும் பூச்சிகளும் தலைமுறை தலைமுறையாக இந்த நிலைத்த உஷ்ணத்துக்கே பழகியவை. முன்னூறு லிட்டர் தொட்டியோ, காலையில் 26 டிகிரியும் பிற்பகலில் 31 டிகிரியும் காட்டக் கூடும். கடலில் பல மாதங்களில் நடக்கும் மாறுதல் தொட்டியில் ஒரே பகலில் நடந்துவிடுகிறது. இக்கட்டுரையில் டிகிரி என்பது எங்கும் சென்டிகிரேடையே குறிக்கும்.

பவளத்தொட்டிக்குத் தக்க உஷ்ணம் 25 முதல் 27 டிகிரி வரை. இவ்வெல்லைக்குள் 25 நல்லதா, 27 நல்லதா என்று விவாதிப்பதால் பயன் அதிகமில்லை. எந்த அளவைத் தேர்ந்துகொண்டாலும் அதில் மாறாமல் நிற்கச் செய்வதே பிரதானம். ஒரு நாளில் ஒரு டிகிரி ஏற்ற இறக்கத்தை ஜீவராசிகள் தாங்கும். நாள்தோறும் நான்கைந்து டிகிரி ஏறி இறங்கினால் அவை மெலிந்து, நோய்க்கு இடங்கொடுத்து, காரணம் புலப்படாமல் ஒவ்வொன்றாக மடியும்.

உஷ்ணம் மிகுந்தால் நேரும் கேடுகள்

நீர் சூடேறும்போது ஒன்றல்ல, நான்கு கேடுகள் ஏககாலத்தில் நிகழ்கின்றன.

முதலாவது பிராணவாயுக் குறைவு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறைகிறது. நன்னீரில் இதே உஷ்ணங்களில் ஏறக்குறைய 8.2, 7.5 மில்லிகிராம் இருக்கும். உப்புநீர் இயற்கையாகவே வாயுவைக் குறைவாக ஏற்பதால், கடல்மீன் தொட்டியில் உஷ்ணம் ஏறுவது நன்னீர்த் தொட்டியில் ஏறுவதைவிட ஆபத்தானது.

இரண்டாவது, தேவை மிகுதல். மீன் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் பிராணியன்று. நீரின் சூடே அதன் உடற்சூடு. நீர் பத்து டிகிரி ஏறினால் அதன் சுவாசமும் ஜீரணமும் இரு மடங்கோ அதற்கு மேலோ விரைவடைகின்றன. ஆகவே நீரில் வாயு குறையும் அதே வேளையில் மீனுக்கு வேண்டிய வாயு அதிகரிக்கிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் போன்றது சூடேறிய தொட்டி.

மூன்றாவது, நஞ்சின் வேகம். மீனின் கழிவிலிருந்தும் மீந்த இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. நீரில் அது இரு உருவில் நிற்கும். ஓர் உருவம் தீங்கற்றது போன்றது, மற்றது கடும் விஷம். உஷ்ணம் ஏற ஏற விஷ உருவின் பங்கு கூடுகிறது. முந்திய வாரம் தீங்கு செய்யாத அதே அளவு அழுக்கு இந்த வாரம் மீனைக் கொல்லுவதற்கு இது ஒரு காரணம்.

நான்காவது கேடு பவளத்துக்கே உரியது. பவளம் கல்லைப் போலத் தோன்றினும் அது பூச்சிகளின் கூட்டம். அப்பூச்சிகளின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தமக்கு இடங்கொடுத்த பூச்சிக்கும் அளிக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இவ்வாறு கிடைப்பதே. அதன் நிறமும் பெரும்பாலும் இப்பாசியின் நிறமே. நீர் அளவுக்கு மேல் சூடானால் பாசியின் சமையல் கெட்டு, உணவுக்குப் பதிலாகச் சதையை எரிக்கும் தீய பொருள்கள் உண்டாகின்றன. அப்போது பூச்சி பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பாசி நீங்கவே பவளம் வெளிறி, உள்ளே உள்ள சுண்ணாம்பு எலும்பு வெண்மையாகத் தெரிகிறது. இதையே வெளிறல் என்பர். வெளிறிய பவளம் செத்த பவளமன்று, பட்டினியில் இருக்கும் பவளம். உஷ்ணம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும், தணியாவிடில் மடியும்.

மன்னார் வளைகுடா தரும் பாடம்

இது ஏட்டுச் சங்கதியன்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்த பவளத்திட்டுகள் நமது மாநிலத்தின் செல்வம். கோடையில் அங்கே நீர் 30 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் நின்ற 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பரவலாக வெளிறின. உலகெங்கும் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளிறி வருவதாக 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

கடலை ஆராய்பவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி மிகுந்த நீர் நான்கு வாரம் நின்றால் வெளிறலை எதிர்பார்க்கலாம்; எட்டு வாரம் நின்றால் மடிவை எதிர்பார்க்கலாம். இரண்டு டிகிரி மிகுந்தால் காலம் பாதியாகும். ஒரே ஒரு டிகிரி கடலையே வெளிறச் செய்யுமானால், கூடத்து மூலையிலுள்ள தொட்டிக்கு நான்கு டிகிரி எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சென்னையின் பருவமும் வீட்டின் அமைப்பும்

தை மாதத்தில் சென்னையின் இரவு உஷ்ணம் ஏறக்குறைய 21 டிகிரி; பகல் 30-ஐ ஒட்டி நிற்கும். பங்குனி முதல் சூடு ஏறி, சித்திரை வைகாசியில் அக்கினி நட்சத்திரக் காலத்தில் பகல் உச்சம் 38 டிகிரியையும் தாண்டுகிறது. 2003-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. கோடையில் முற்பகலில் மேல்காற்று உலர்ந்து வீசும். பிற்பகலில் கடற்காற்று புகுந்து சூட்டைத் தணிக்கும். மயிலாப்பூரும் அடையாறும் கடலை அடுத்திருப்பதால் அக்காற்றை முந்திப் பெறுகின்றன. தியாகராய நகர் உள்ளே இருப்பதால் சற்றுப் பிந்திப் பெறுகிறது. மேல்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதிக்கும் நாள்களே தொட்டிக்குக் கொடிய நாள்கள்.

ஆனால் தொட்டியின் உஷ்ணத்தை வெளியுலகத்தைவிட வீடே அதிகமாக நிர்ணயிக்கிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறை இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும். மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி மாலை வெயிலின் சூட்டை நள்ளிரவு வரை வாங்கும். வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்து அறையில், சன்னல் வெயில் நேரே படாத உட்சுவரோரம் வைப்பதே சிறந்தது.

இக்காலத்து வீடுகளில் மற்றொரு தீங்கு, குளிரூட்டிய படுக்கையறையில் தொட்டியை வைப்பது. இரவு முழுவதும் ஏ.சி. யந்திரம் ஓடி நீர் 25 டிகிரிக்கு இறங்குகிறது. காலையில் யந்திரத்தை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குச் சென்றால் மாலைக்குள் 30-ஐத் தொடுகிறது. இரவில் கை வைத்துப் பார்ப்பவருக்கு நீர் குளிர்ந்திருப்பதாகவே தோன்றும். இத்தகைய அறையைவிட, எப்பொழுதும் 28 டிகிரியில் நிற்கும் கூடம் மேலானது.

ஆகையால் முதற்செலவு உஷ்ணமானிக்கே ஆகட்டும். காலை ஆறு மணி, பிற்பகல் மூன்று மணி, இரவு பத்து மணி என மூன்று வேளையும் ஒரு மாதம் குறித்து வரவேண்டும். மழையளவு எழுதும் கிராம அதிகாரிகளுக்கு இத்தகைய ஏட்டின் பயன் சொல்லாமலே விளங்கும். ஒரு நாளைய அளவைவிட முப்பது நாளைய வரிசையே தொட்டியின் உண்மையைக் காட்டும்.

உள்ளிருந்தே வரும் சூடு

தொட்டிக்குச் சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற வல்லது. நீருக்குள் மூழ்கி ஓடும் 50 வாட் பம்பு நாளொன்றுக்கு 1.2 யூனிட் செலவழிக்கிறது. அச்சூடு முழுவதும் தங்குமானால் முன்னூறு லிட்டர் தொட்டி ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றரை டிகிரி ஏறும். சூட்டின் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடுவதால் அவ்வளவு ஏறுவதில்லையெனினும், தேவைக்கு மிஞ்சிய பம்பு நீரைக் கொதிப்பிக்கும் அடுப்பு என்றே கொள்க. பழைய வகை உலோக ஆவி விளக்குகளைக் கழித்து எல்.இ.டி. விளக்குகளை மாட்டினால் சூடு குறையும். விளக்கை நண்பகலில் ஏற்றாமல் மாலை முதல் முன்னிரவு வரையில் ஏற்றுவது மற்றொரு சுலபமான உபாயம். பவளத்தின் பாசிக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேர ஒளி கிடைத்தால் போதும், அது எந்த வேளை என்பது முக்கியமன்று.

குளிர்விக்கும் முறைகள்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதை நம் பெண்டிர் அறிவர். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டைக் கொண்டுபோகிறது. தொட்டியின் நீர்மட்டத்தின் மேல் சிறு மின்விசிறியால் காற்று வீசச் செய்வதும் இதே உபாயம். ஒரு லிட்டர் நீர் ஆவியானால், 580 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்கும் அளவு சூடு வெளியேறுகிறது. முன்னூறு லிட்டர் தொட்டிக்கு இது ஏறக்குறைய இரண்டு டிகிரியாகும். செலவோ சொற்பம். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி வலைமூடி போடவேண்டும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. உஷ்ணமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறியின் முன் வைத்தால் அது காட்டும் அளவுக்குக் கீழே எந்த விசிறியும் நீரைக் குளிர்விக்க இயலாது. காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 35-ம் உள்ள உலர்ந்த முற்பகலில் ஈரத்துணி உஷ்ணமானி 26-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். காற்று 33 டிகிரியும் ஈரப்பதம் 65-ம் உள்ள கடற்காற்று மாலையில் 27-க்கும் 28-க்கும் நடுவே காட்டும். மனிதருக்கு இன்பமான அந்த மாலையில் விசிறியின் வேலை குறைந்துபோவது இதனாலேயே. பம்பும் விளக்கும் தரும் சூட்டையும் சேர்த்தால், சித்திரை மாதத்தில் விசிறி மட்டும் கொண்டு 28 அல்லது 29 டிகிரியில் நிறுத்தலாம். அதற்குக் கீழே இறக்க முடியாது. மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு அது ஒருவாறு போதும், பவளத்துக்குப் போதாது.

அதற்கும் கீழே இறக்கச் சில்லர் என்னும் குளிர்விப்பு யந்திரம் வேண்டும். அது நீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே வீசுவதால், அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தானே சூடாகி நின்றுபோகும். காற்றோட்டமுள்ள இடத்தில், கூடுமானால் அறைக்கு வெளியே, அதை நிறுத்த வேண்டும். யந்திரத்தை 27 டிகிரிக்கு அமைப்பது சென்னைக்கு ஏற்றது. 24-க்கு அமைத்தால் மின்செலவு மிகுவதோடு, மின்சாரம் நின்ற அன்று நீர் ஏறவேண்டிய தூரமும் அதிகமாகும்.

பனிக்கட்டியைத் தொட்டிக்குள் நேரே போடலாகாது. உப்பளவும் உஷ்ணமும் ஒரே கணத்தில் மாறும். ஒரு லிட்டர் புட்டியில் முக்கால் நிரப்பிய நீரை உறையவைத்து, மூடிய புட்டியை மிதக்கவிடுவதே முறை. முழு லிட்டர் பனி உருகி நீரோடு நீராகும்போது நூற்றைந்து லிட்டர் நீரை ஏறக்குறைய ஒரு டிகிரி இறக்கும். ஆகவே முன்னூறு லிட்டர் தொட்டியை ஒரு டிகிரி இறக்க நான்கு புட்டிகள் தேவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இடவேண்டும். சூடேறிய தொட்டியை மணிக்கு அரை டிகிரிக்கு மேற்படாமல் இறக்குவது நலம். சூட்டால் இளைத்த மீனைச் சட்டென்று குளிரில் தள்ளினால், தப்பியிருக்கக்கூடியதும் மடியும்.

ஆவியாகும் நீரும் தங்கிவிடும் உப்பும்

விசிறி ஓடும் தொட்டியில் நாள்தோறும் நீர் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. குறைந்த அளவைக் கடல்நீரால் நிரப்பினால் உப்பு நாளுக்கு நாள் ஏறி, உஷ்ணத்தால் சாகாத ஜீவன் உப்பால் சாகும். ஆகையால் சுத்தமான நன்னீரையே ஊற்றவேண்டும். தொட்டியின் உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவில் நிற்கவேண்டும்.

நன்னீர் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் கை பொறுக்காத சூடாயிருக்கும். குளோரின் கலந்த நகர நீரும் உப்பேறிய ஆழ்குழாய் நீரும் உதவா. ஆர்.ஓ. யந்திரத்தில் வடித்த நீரை ஒரு நாள் அறையில் வைத்து, அறைச்சூடு அடைந்தபின் சிறுகச் சிறுக ஊற்றுக. அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகே கடல்நீர் மொண்டுவருவதும் தகாது. ஆற்றின் கழிவும் மழைக்காலத்து நன்னீரும் அதில் கலந்திருக்கும்.

மின்சாரம் நின்ற நாளில்

சென்னையின் தென்பாகத்தார் மறக்க முடியாத மார்கழிகளும் கார்த்திகைகளும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தெருக்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. ஒவ்வொரு முறையும் பல பகுதிகளில் ஒரு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. அப்பருவத்தில் சூடு பெரும் பகையன்று. நீர் அசையாமல் நிற்பதால் வாயு தீர்ந்துபோவதே பகை. கோடையில் மின்சாரம் நின்றாலோ சூடும் மூச்சடைப்பும் சேர்ந்து தாக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை வருமாறு: (1) பாட்டரியால் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை எப்பொழுதும் தயாராக வைத்திருத்தல். (2) இன்வெர்ட்டர் இருந்தால் நீரைச் சுழற்றும் சிறு பம்பை முதலில் அதில் இணைத்தல், விளக்கு வேண்டுவதில்லை. (3) இரண்டும் இல்லையேல், குவளையால் நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுதல். கால் மணிக்கொருமுறை சில நிமிஷம் செய்தால் மீன் பிழைக்கும். (4) இரை அறவே நிறுத்துதல். ஆரோக்கியமான மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியால் சாகாது, ஆனால் அழுகிய இரையால் ஒரே இரவில் சாகும். (5) மின்சாரம் திரும்பியதும், மூடிய வடிகட்டியில் பல மணி நேரம் தேங்கிய நீரைத் தொட்டிக்குள் விடாமல் கொட்டிவிடுதல்.

குறிகளும் பரிகாரங்களும்

மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால்: வாயுக் குறைவு. உடனே காற்றுப் பம்பு ஓட்டுக. பின்னர் உஷ்ணம் பார்க்க.

செவுள் விரைந்து அடித்துக்கொண்டு இரை எடுக்காவிடில்: சூடு அல்லது அமோனியா. இரையை நிறுத்தி, அதே உஷ்ணமும் உப்பளவும் உள்ள புதுநீரால் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுக.

உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால்: திடீர் உஷ்ண மாறுதலால் மெலிந்த மீனைப் பற்றும் ஒட்டுண்ணி நோய். அம்மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் செய்க; ஏற்ற இறக்கத்தின் காரணத்தைத் தேடி நீக்குக.

பவளம் வெளிறினால்: நீண்ட சூடு, அல்லது சூட்டோடு சேர்ந்த அதிக ஒளி. விளக்கின் உக்கிரத்தைக் குறைத்து, நீரை மெதுவாக இறக்கிப் பல வாரம் பொறுத்திருக்க. வெளிறியதென்று பிடுங்கி எறிய வேண்டாம்.

பண்ணைக்குட்டைக்கும் இதே விதி

மீன்குஞ்சு வாங்கி வரும் விவசாயி, பையை அவிழ்த்து அப்படியே குட்டையில் கொட்டமாட்டார். மூடிய பையைக் குட்டை நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, உள்நீரும் வெளிநீரும் ஒரே சூடான பின், குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் கலந்து, குஞ்சுகள் தாமே நீந்திச் செல்லவிடுவார். கடல்மீனுக்கும் முறை அதுவே. பையிலுள்ள நீர் மட்டும் தொட்டியில் சேரலாகாது.

விடியற்காலையில் குட்டை மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது தொட்டியில் கண்ட அதே வாயுக் குறைவே. பகலில் பாசி வாயுவைத் தருகிறது. இரவில் பாசியும் அதையே உண்கிறது. ஆகையால் விடியுமுன் வாயு மிகக் குறைந்திருக்கும். வெப்பமான, மேகமூட்டமுள்ள நாளுக்கு அடுத்த விடியலில் ஆபத்து அதிகம். கோடை மழை திடீரெனப் பெய்தால், குளிர்ந்த மேல்நீர் கீழிறங்கி, அடியில் வாயுவற்றுக் கிடந்த சேற்றுநீரை மேலே கிளப்பும். மழை பெய்து மீன் செத்தது என்று ஊரார் வியப்பது இதனால்தான். கோடையில் ஐந்தடி ஆழத்துக்குக் குறையாமல் நீர் நிறுத்துதல், அறிகுறி கண்டதும் இரையையும் சாணத்தையும் நிறுத்துதல், பம்புசெட்டால் நீரைத் தெளித்து விழச் செய்தல் ஆகியவை தக்க பரிகாரங்கள்.

பவளமும் சட்டமும்

பாறை கட்டும் பவளங்கள், கறும்பவளம், கடல் விசிறி முதலியவை 2001-ஆம் ஆண்டு முதல் 1972-ஆம் ஆண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. யானையையும் புலியையும் காக்கும் அதே அட்டவணை இது. நமது கடலின் பவளத்தை எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டன. கடலோரக் கிராமத்தில் பவளக்கல்லோ, உயிர்ப்பாறை என்ற பெயரில் திட்டிலிருந்து பெயர்த்த கல்லோ மூட்டையாவது தெரிந்தால் கிராம அதிகாரி வனத்துறைக்கு அறிவிப்பது கடமை.

எனவே வீட்டில் கடல்தொட்டி வைக்க விரும்புவோர், பொரிப்பகத்தில் பிறந்த மீன்களைக் கொண்டே தொடங்குவது உத்தமம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கி, 1949-இல் மண்டபத்துக்கு மாறி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனம்பெருக்கும் முறையை அது வகுத்திருக்கிறது. அத்தகைய மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. திட்டில் பிடித்ததைவிட நன்கு பிழைக்கும். பாறைக்குப் பதில் சுட்ட மண்ணாலோ செயற்கைக் கல்லாலோ திட்டு அமைக்கலாம். சில மாதங்களில் நற்கிருமிகள் படிந்து அதுவும் நீரைச் சுத்தி செய்யும். எங்கிருந்து வந்தது என்பதற்குச் சரியான சான்று காட்ட முடியாத பவளத்தை எவ்விலைக்கும் வாங்கலாகாது. உவர்நீரில் மீனும் இறாலும் வளர்ப்பது பற்றி அறிய வேண்டுவோருக்குச் சாந்தோம் நெடுஞ்சாலையில், 1987-இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

சுருக்கம்

1. தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் ஓர் அளவில் நிலைத்து நிற்கட்டும். நாளொன்றுக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாறவிடாதிருக்க.

2. மூன்று வேளை உஷ்ணம் குறிக்கும் ஏடு இன்றி எந்த யந்திரமும் வாங்க வேண்டாம்.

3. வெயில் படாத உட்சுவர், சிறிய பம்பு, மாலை விளக்கு, விசிறி ஆகியவற்றை முதலில் செய்து பார்த்தபின் சில்லரை யோசிக்க.

4. குறைந்த நீரை நன்னீரால், அறைச்சூட்டில், சிறுகச் சிறுக நிரப்புக.

5. சூடேறிய தொட்டியை மெதுவாகவே இறக்குக.

6. மின்சாரம் நின்றால் முதலில் வாயு, பிறகு உஷ்ணம், இரை வேண்டாம்.

7. நமது கடலின் பவளம் கடலிலேயே இருக்கட்டும்.

சிறிய தொட்டியைவிடப் பெரிய தொட்டியே உஷ்ணத்தை நிலையாகத் தாங்கும் என்பதையும், மின்சாரம் நின்ற இரவில் விழித்திருந்து நீர் மொண்டு ஊற்ற வீட்டில் ஒருவர் வேண்டும் என்பதையும் தொடங்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டும். அவ்வாறு ஒருவர் இல்லாத வீட்டில் நன்னீர் மீன் சிலவற்றை வளர்ப்பதே புத்திசாலித்தனம். வாயில்லா ஜீவனை அதன் கடலிலிருந்து பிரித்துக் கொணர்ந்தவர், அக்கடல் அதற்குத் தந்த நிலைத்த நீரையும் தரக் கடமைப்பட்டவராவர்.